பன்னிரண்டு மாத்திரைகள்

பெரியப்பாவின் படத்துக்கு ஆணி அடிக்கிறேன் பேர்வழி என்று முக்காலியில் ஏறியவன், ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்தேன். முதலில் கட்டைவிரல். அப்புறம் சுவர். கடைசியாக, முழங்கையால், அலமாரியில் இருந்த அவருடைய மாத்திரை டப்பா.

அவர் போய் நான்காம் நாள்.

நீல பிளாஸ்டிக் டப்பா. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறைகள்; ஒவ்வொன்றிலும் காலைக்கு ஒரு குழி, இரவுக்கு ஒரு குழி. விழுந்த வேகத்தில் ஏழு மூடிகளும் வாயைப் பிளந்தன. மாத்திரைகள் கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடின.

“ஒரு ஆணி அடிக்கத் துப்பில்ல. இவரு ஊரான் எழுதுனதுல தப்பு கண்டுபிடிக்கிறவராம்!” என்றாள் பெரியப்பாவின் மகள், என் அக்கா.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அந்த வீட்டில் அது எப்போதும் ஒரு ஜோக்.

டப்பாவை நிரப்புவதும் என் வேலைதான். எட்டு மாதத்துக்கு முன், என் மனைவி இறந்து நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, பெரியப்பா போன் செய்தார். விரல் மரத்துப்போச்சு, மாத்திரை நழுவுது, உங்க பெரியம்மாவுக்குக் கை நடுக்கம், ஞாயித்துக்கிழமை வந்து போட்டுக் குடு என்றார்.

போனேன். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

நாளுக்கு இரண்டு. காலையில் இதயத்துக்கு ஒன்று, இரவு சர்க்கரைக்கு ஒன்று. இரண்டும் வெள்ளை. இரண்டும் ஒரே அளவு. இதய மாத்திரையின் நடுவில் மட்டும் மெல்லிய கோடு இருக்கும்.

இருக்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எண்பத்தொரு வயதில், கண் ஆபரேஷன் முடிந்த கையோடு, எதிர்வீட்டு நாள்காட்டியில் தேதி பார்ப்பவர் அவர். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கண்ணாடி வந்த சேதி தெரிந்தால் விடுவாரா? “வாங்க தாத்தா” என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். அதனால் கண்ணாடி அச்சகத்தோடு சரி. இங்கே எல்லாம் குத்துமதிப்புதான். ஒரே மாதிரிப் புட்டிகளின் வரிசையில் இடக்கோடிப் புட்டி இதயம், வலக்கோடிப் புட்டி சர்க்கரை.

டப்பாவை மூடியதும், “பஸ் வந்துரும், கிளம்பு கிளம்பு” என்று விரட்டுவார். பஸ் வர அரைமணி நேரம் இருக்கும். நிறுத்தத்தில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிறு விரட்டவில்லை.

அன்றைக்கு அச்சகத்தில் அவசர வேலை. முடித்துவிட்டு நேரே வந்ததால் கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கை பைக்குப் போனது. மனுஷன் சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டால் என் மானம் போகும். கையை இறக்கிவிட்டேன்.

டப்பாவை மூடியபோது, “இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்டா” என்றார்.

பஸ் வந்துரும் என்று நான்தான் கிளம்பினேன்.

திங்கள் இரவு படுத்தார். செவ்வாய் காலை எழவில்லை.

தூக்கத்திலேயே போயிட்டாரு, குடுத்து வச்சவரு. வந்தவர்கள் அத்தனை பேரும் இதைச் சொன்னார்கள். வாசலில் நின்று கேட்டவர்களுக்கெல்லாம் நானும் இதையே சொன்னேன்.

இப்போது அவர் படமாகச் சுவரில் சாய்ந்திருந்தார். இனி யாரிடம் வெட்கம்? பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன்.

திங்கள் அறை காலியாகியிருக்கும். மீதி ஆறு நாள், பன்னிரண்டு மாத்திரை. ஆறில் கோடு இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஊதினேன். முன்னும் பின்னும் புரட்டினேன்.

பன்னிரண்டும் கிடைத்தன.

ஒன்றில்கூடக் கோடு இல்லை.

தலைக்கு மேலே அவர் கடைசியாகப் படுத்த பலகை.

வெளியே வந்து, டாக்டர் என்ன காரணம் சொன்னார் என்று அக்காவிடம் கேட்டேன்.

“எண்பத்தொண்ணுக்கு என்னடா காரணம் சொல்லுவாங்க?” என்று துணி மடிப்பதைத் தொடர்ந்தாள்.

சமையலறைக்குப் போனேன். பெரியம்மா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடுங்கும் கையில் தம்ளர் குழாயோடு மோதி மோதிச் சத்தம் போட்டது.

மாத்திரையை நான் ஒழுங்காகத்தான் போட்டேனா என்று கேட்டேன். சாப்பிட்டியா என்றாள்.

மறுபடி கேட்டேன். படத்தை முதலில் மாட்டு என்றாள்.

மூன்றாம் முறை வாயால் கேட்கவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டினேன். வியர்வையில் பன்னிரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் குழாயை மூடினாள். என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தில் இருந்த கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள்.

“எட்டு மாசத்துல நாலு வாரம் ஒழுங்கா போட்டிருப்படா. நீ தெருமுனை தாண்டுனதும் டப்பாவக் கொட்டி அவரே திரும்ப அடுக்குவாரு. வெரல் மரத்துப்போச்சுன்னு சொன்னது பொய். தப்பா போடுறன்னு சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருந்துருவ, வீட்டுல தனியா கெடப்பன்னு என் வாயையும் அடைச்சு வச்சிருந்தாரு. போன வாரம் உன் சட்டப்பையில கண்ணாடியப் பாத்துட்டாரு. ‘பய ஒருவழியா கண்ணாடி போட்டுட்டான்டி, இனிமே நான் பாக்க வேண்டியதில்ல’ன்னு சிரிச்சாரு. அந்த டப்பாவத் தொடவே இல்ல.”