தலையில் இல்லாத கூடை

மாலை வெயில் மரக்காணம் உப்பளத்துப் பாத்திகளில் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. நடுவே போகும் மண்பாதையில் பூங்காவனம் ஸ்கூட்டி ஓட்டிப் பழகுகிறாள். இந்த வயசில் எதற்கு வேண்டாத வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. போன மாதம் புருஷனுக்கு மூச்சு இழுத்தபோது இதே வண்டி வாசலில்தான் நின்றது. ஓட்டத் தெரிந்த ஓரகத்தி ரேணுகாதான் ஊரில் இல்லை. ஆள் பிழைத்துவிட்டாலும் அந்த இழுப்புச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. இப்போது ரேணுகா வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருகிறாள். "கீழ பாக்காதக்கா, நேராப் பாரு!" பூங்காவனத்தின் கண் முன்சக்கரத்தை விட்டு அசையவில்லை. சக்கரமோ உப்புத் தண்ணீர்ப் பக்கமே இழுக்கிறது. "எனக்கு வராதுடி, எறக்கி வுட்டுடு." ரேணுகா சிரிக்கவில்லை. மூச்சு வாங்க, "தலைமேல உப்புக் கூடை இருக்குதுன்னு நெனச்சிக்கோ" என்கிறாள். பூங்காவனத்தின் கழுத்து தானாக நிமிர்கிறது. பாத்தியிலிருந்து உப்பைக் குவிக்கும் அம்பாரம் வரை வரப்பு வரப்பாகச் சுமந்து பழகிய கழுத்து. தோள் இறங்குகிறது, பார்வை தூரத்துக்குப் போகிறது, வண்டி கோடு போட்டதுபோல் ஓடுகிறது. "அப்படித்தான்க்கா!" என்ற குரல் எங்கோ பின்னால் கேட்கிறது. பின்கம்பியில் ரேணுகாவின் கை இல்லை. எதிரே பாதை முடியும் இடத்தில் உப்பு அம்பாரம் வெள்ளையாகப் பெருத்துக்கொண்டே வருகிறது. "பிரேக்கப் புடிக்கா! பிரேக்கு!" கூடை தலைக்கு ஏறிவிட்டால், அம்பாரத்தைத் தொடாமல் நடுவழியில் நிற்க அந்த உடம்புக்குத் தெரியாது.