வாசலைப் பார்க்கிற ஆள்

இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

காலையிலிருந்து ஃபிரிட்ஜ் இறக்கிய உடம்பு. முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்து, முனகிக்கொண்டே கேம் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான்.

அவனுடைய யூடியூப் சேனலைப் பார்க்கிறவர்கள் அவனைத் தராசு என்பார்கள். குடோனில் சுமை தூக்குகிறவன். மற்ற நேரத்தில் வீடியோ கேம்களை ஆடிப்பார்த்து, நிறை இது, குறை இது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறவன். எவ்வளவு பெரிய கம்பெனி செய்திருந்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது. போன தடவை ஒரு யுத்த கேமுக்குச் சொன்னான்: "துப்பாக்கி ஜோரு. கத வெறும் தண்ணி. எதிரிப் பட மொத்தமும் சுடுங்க சாமின்னு நெஞ்சக் காட்டிக்கிட்டு நிக்குது."

பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த தங்கச்சி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அவள் புருஷனும் அதே குடோன்தான். இரும்பு ரேக் சரிந்து மேலே விழுந்தது. எனக்குன்னு இனி நீ ஒருத்தன்தான் அண்ணே என்று அன்றைக்கு இவன் சட்டையை விடவே இல்லை. இப்போதுதான் கொஞ்ச நாளாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்காகவே கேம்களுக்கு இரண்டு வசவு கூடுதலாகப் போடுவான்.

இன்றைக்கு வந்திருந்த கேமில் செய்தவர் பெயர் இல்லை. ஆடிப்பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் என்று மட்டும் இருந்தது.

மைக்கைத் தட்டினான்.

"மொதல்ல நல்லதச் சொல்லிடறேன். இதுல ஒரு குடோன், ஒரு ஆளு, அவ்வளவுதான். ஆனா கனம்னா கனம்! மத்த கேம்ல எல்லாம் பீரோவத் தலகாணி மாதிரி தூக்கிட்டு ஓடுவானுங்க. இவன் மொதல்ல மூலையத் தட்டிப் பாக்கறான், முட்டிய மடக்கறான், அப்பறந்தான் தூக்கறான். இதச் செஞ்சவன் மூட்ட தூக்கினவன்யா!"

அடுத்த அறையில் இஸ்திரிப் பெட்டி நின்று நின்று நகரும் சத்தம்.

"கொறன்னு பாத்தா, மூஞ்சி வரையவே இல்ல. மொழுக்குனு முட்ட மாதிரி இருக்கு. முதுகுல நம்பர் போட்டிருக்கான், அதுவும் மங்கல். சோம்பேறித்தனம்."

குடோனில் ஆளுக்கு முகம் எதற்கு? மஞ்சள் கோட்டின் முதுகில் இருக்கிற நம்பர்தான் ஆள். ஒருத்தன் ஷிப்டை இன்னொருத்தன் பார்த்தால் கோட்டை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். சூப்பர்வைசர் நம்பரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். படம் வரைந்தவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

"இன்னொரு பெரிய கொற. ஒவ்வொரு பெட்டி எறக்கினதும் இவனாவே வாசல் வரைக்கும் போயி நின்னு பாக்கறான். நான் எந்தப் பட்டனும் அமுக்கல. ஆடறவன் சொல்லாம ஆளு நடக்கலாமா? ஷிப்டு முடிஞ்சு மாத்திவிட ஆள் வரணுமில்ல, அதுவும் வரல. கேம் எங்க முடியும்னே..."

பேச்சு அங்கேயே நின்றது.

வாசலிலிருந்து திரும்புகிற ஆள் இடதுகாலை லேசாகத் தேய்த்து, பிறகுதான் தூக்கி வைத்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தேய்ப்பு.

கேமை மூடும் பட்டனை அமுக்கினான். மூடவில்லை. மறுபடி அமுக்கினான். கதவையாவது சாத்திவிடலாம் என்று எழுந்தான். இடுப்பு பிடித்து இழுத்தது.

தங்கச்சி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி மடித்த துணி.

"என்னண்ணே, திட்டறத நிறுத்திட்ட?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் திரையைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. கன்ட்ரோலரை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, கீழே உட்கார்ந்தாள்.

"அவரு நடதானே இது?"

"யாரு நட? எவனோ வேல கத்துக்கறவன் செஞ்ச கேமு. இப்பிடிக் குடு."

அவள் கொடுக்கவில்லை. இதுவரை கன்ட்ரோலரைத் தொட்டதே கிடையாது. அவள் விரல் பட்டதும் அந்த ஆள் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். வாசலுக்குப் போகவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி, திரை நிறையும்படி கிட்டே வந்தான்.

கோட்டிலிருந்த மங்கல் விலகியது.

முப்பத்தேழு.

தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கொடியில், அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் அவள் துவைத்துப் போட்ட அவனுடைய மஞ்சள் கோட்டு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடியது.

"அவரு நம்பர் அறுபத்திரண்டுண்ணே." குரலில் கோபம் கூட இல்லை. "ஒன் கோட்ட எதுக்கு அவரு போட்டிருக்காரு?"

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கோட்டு மாறிய கதை ஒருத்தருக்கும் தெரியாது. கோட்டைத் திருப்பி மாற்றிக்கொள்ள ஷிப்டு முடிகிற நேரத்துக்குக் குடோன் வாசலுக்கு வந்தவன், ரேக் சரிந்த சத்தம் கேட்டு முதல் ஆளாக உள்ளே ஓடினான். மற்றவர்கள் வருவதற்குள் மச்சான் உடம்பிலிருந்து முப்பத்தேழைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, அறுபத்திரண்டைப் போர்த்திவிட்டான். அன்றைக்கு ஒரு கேம் புதிதாக வந்திருந்தது. முதல் ஆளாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஒரே பரபரப்பு. இன்னிக்கு மட்டும் எனக்காகப் பாரு மச்சான், நாளைக்கு ஒனக்கு நான் பாக்கறேன் என்று தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தான்.

திரையில் அந்த ஆள் காலைத் தேய்த்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றான்.

மச்சானுக்கு அவன் ஒரு ஷிப்டு பாக்கி.