மாடத்தி போடும் மார்க்

“இவனுக்கு ரெண்டு மார்க்குதான். மட்டைய வச்சுத் தடவிக் குடுக்கான்!”

மாடத்தி டிவியைப் பார்த்துக் கையை நீட்டித் திட்ட, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மெஹராஜ் விழுந்து விழுந்து சிரித்தாள். எதிர்வீட்டுக்காரி. நம்ம நாட்டிலும் இலங்கையிலுமாக உலகக் கோப்பை தொடங்கியதிலிருந்து மத்தியானமானால் அவளுக்கு இங்கேதான் இருப்பு.

“அக்கா, தென்னாப்பிரிக்காவுக்கே இவன்தான் பெரிய பேட்ஸ்மேன். அம்பது அடிச்சிட்டான்.”

“என்னத்த அடிச்சான்? எல்லாம் ஓடி ஓடி எடுத்தது. முந்தாநேத்து வெஸ்ட் இண்டீஸ்காரன் ஆகாசத்துக்குத் தூக்குனாம் பாரு, அவனுக்குப் பத்துக்குப் பத்து.”

மூலையில் சாப்பிட உட்கார்ந்த மாடத்தியின் புருஷன் அய்யாத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. தாராவியில் கீழே மளிகைக் கடை, மேலே இந்த ஒற்றை அறை, நடுவில் ஓர் இரும்பு ஏணி. மூன்று வருஷமாக அந்த ஏணி கிறீச்சிட்டால் போதும், அவர் தலை தானாக நிமிர்ந்துவிடும்.

மகன் ஆதித்யன் அதில் இறங்கிப் போனவன்தான். பன்னிரண்டாம் வகுப்பில் ஃபெயில், எந்நேரமும் கிரிக்கெட் பைத்தியம் என்று, கூட்டாளிகள் முன்னால் அவனை அறைந்து, மட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார் அய்யாத்துரை. அப்புறம் போலீசில் எழுதிக் கொடுத்தார், ஊரெல்லாம் தேடினார். போன மாதம்கூட குர்லா ஸ்டேஷனில் ஒரு முதுகைப் பார்த்து “எலே ஆதி!” என்று ஓடித் தோளைப் பிடித்தார், திரும்பிப் பார்த்தது வேறு யாரோ. செத்தான் என்றால் அழுதாவது தீர்க்கலாம். இது பாவி மனுஷனைத் தூங்கவும் விடாமல் பிடித்து ஆட்டியது.

பெற்றவளோ மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாள்! கிரிக்கெட் என்ற பேச்சே ஆகாமல் இருந்தவளுக்கு இப்போது எல்லா நாட்டு ஆட்டக்காரன் பேரும் அத்துப்படி. நம்ம டீம், அடுத்த டீம் என்ற பேதமும் கிடையாது. சிக்ஸ் அடித்தால் கொஞ்சல், தரையோடு உருட்டினால் வசவு. நேற்று கொழும்பில் பெரிய மேட்ச்; மெஹராஜ் எவ்வளவு கெஞ்சியும் டிவியைப் போடவில்லை. “அங்க நடக்கது எனக்கெதுக்கு?” என்று சொல்லிவிட்டாள்.

“தூக்கிட்டான்!” என்று மெஹராஜ் கத்தினாள்.

பந்து மேலே போனதும் மாடத்தி பாய்ந்து போய் டிவியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றாள்.

“அக்கா, மறைக்கிய!”

மாடத்தி நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னாள். “இன்னொண்ணு அடி, ராசா.”

அந்த ‘ராசா’தான் அய்யாத்துரையைச் சுட்டது. இந்த வீட்டில் ஒருத்தனுக்கு மட்டும் உண்டான பேர் அது. எச்சில் கையோடு எழுந்து போய் சுவிட்சைத் தட்டி அணைத்தார்.

“வெக்கமா இல்ல ஒனக்கு? புள்ள எங்க கெடக்கான்னு தெரியல, ஒனக்கு சிக்ஸ் கேக்குதோ சிக்ஸ்? அவன மறந்தே போயிட்ட, என்னட்டி?”

மெஹராஜ் உரித்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் ஏணியில் இறங்கிப் போனாள்.

மாடத்தி அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“சீக்கிரம் போடுங்க. சிக்ஸ் போனாத்தான் கூட்டத்துல உள்ளவன் மொகத்தையெல்லாம் காட்டுதான்.”