ஈரத் தடம்

இமயமலைக் கணவாய்க்கு மலையேறப் போகும்போது புது ஷூ காலைக் கடிக்கக்கூடாது என்று தமயந்தி அதை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினாள். முதுகுப்பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடப்பாள். அந்தப் பயணத்துக்குக் கூடப் போகாத கணவன் உலகநாதன் பின்னாலேயே மாப்போடு தரையைத் துடைத்து வருவான். மதுரையின் சித்திரை வெயிலில் ஒருநாள் அவள் தடங்கள் ஈரமாக விழுந்தன. தொட்டதும் அவன் விரல் விறைத்தது. ஷூவின் அடிப்பள்ளங்களில் பனி அப்பியிருந்தது. அவன் மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

“ஏங்க, தொடைக்கலையா?”

“ஊருக்குக் கெளம்புனவங்க போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைத் தொடைக்கக் கூடாதுல்ல.”

“நான் கெளம்ப இன்னும் ஒரு வாரம் இருக்கே” என்றாள், அவன் எதிரில் நின்றபடி. அந்தக் குரல் அவனிடம் வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது.