முடியாத சண்டை

செலினாவின் இதயத்திலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதை அவள் நெஞ்சில் ஒட்டிய, எந்நேரமும் ஸ்கேன் செய்யும் எக்கோ பட்டைதான் கண்டுபிடித்தது. பலூன் வைத்து விரிக்கலாம் என்றார் டாக்டர். அவள் பயந்து தள்ளிப்போட்டாள். அன்றிலிருந்து அவள் குரல் உயர்ந்தாலே பட்டையோடு இணைத்திருந்த கணவன் ஜெரோமின் கைபேசி அலறியது: "வால்வில் அழுத்தம் கூடுகிறது!"

மகளின் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் முடிக்கப்போவதாக ஜெரோம் சொன்ன அன்றும் அப்படித்தான். "புள்ள படிக்கட்டுமே!" என்று செலினா கத்தியதும் கைபேசி அலறியது.

"சரி, நீ சொல்றதுதான் சரி. படபடக்காம படுத்துக்க," என்று எழுந்துபோனான் ஜெரோம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தான்.

செலினா நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"பலூனை நாளைக்கே வைங்க டாக்டர். கல்யாணத்துக்கு முந்தி அந்த மனுசன்கிட்ட ஒரு சண்டையாவது முழுசாப் போட்டு முடிக்கணும்!"