இன்ஜின் சூடு

“என்னப்பா, இன்னிக்கும் சூடாயிடுச்சா உன் வண்டி?”

ஏரிக்கரை ஸ்டாப்பில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற டிரைவர் தலையைச் சொறிந்தார். “ஆமாங்கய்யா. ஏறி உட்காருங்க, இதோ கிளம்பிடலாம்.”

“போன வாரமும் இதைத்தான் சொன்னே. நான் கரெக்டா வந்து நிக்கறேன், உன் பஸ் கிளம்ப மாட்டேங்குது. ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவன்யா நான். என் ஸ்டேஷன்ல எந்த ரயிலும் சும்மா நின்னதில்லை.”

“தப்புதாங்கய்யா.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு ஓட்ட மனசில்லை, இன்ஜின் மேல பழி!”

டிரைவர் பானெட்டை மூடினார். உள்ளே கையை விட்டு எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. சும்மா நிற்பதற்கு ஒரு சாக்கு, வேறென்ன என்று மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பார்வை மங்கி, வாசல் தூணில் காரை உரசிய அன்றே டாக்டர், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றுவிட்டார். மகள் காரை விற்றாள். அதற்கப்புறம் நாலாவது மாடி ஜன்னல்தான் அவருக்கு உலகம். ஏரிக்கரைக்குக் கூட்டிப் போயேன் என்றால், “அடுத்த வாரம் பார்க்கலாம்ப்பா” என்பாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது, வேலைக்கும் வீட்டுக்கும் ஓடவே அவளுக்கு நேரம் போதவில்லை. ஆனால் அந்த அடுத்த வாரம் மட்டும் வந்தபாடில்லை.

பிறகுதான் தெருமுனையிலிருந்தே ஏரிக்கரைக்கு பஸ் போவது தெரிந்தது. தனியாக ஏறினார். வயலையும் தண்ணீரையும் பார்த்தபடி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் வீடு திரும்பினார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

“போயிட்டு வாங்க, வேண்டாங்கலை,” என்றாள் மகள். “ஆனா இருட்டறதுக்குள்ள வீட்டுல இருக்கணும். ஒரு நாள் தவறினாலும் அதோட சரிப்பா.”

அதனால் மாஸ்டர் கணக்காக இருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதியதும் கரையிலிருந்து எழுந்துவிடுவார். ஸ்டாப்புக்கு இருபது நிமிட நடை. கார் இருந்த காலத்திலும் அங்கேதான் நிறுத்திவிட்டு நடப்பார், அவருக்குத் தெரியாதா? வீடு திரும்பக் கடைசி பஸ் ஐந்து இருபதுக்கு. கைக்கடிகாரத்தின் முள் இப்போதெல்லாம் தெரிவதில்லை. அதை யாரிடமும் அவர் சொன்னதும் இல்லை.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே டிப்போவுக்குப் போன் போட்டார். பஸ்ஸின் பின்னால் எழுதியிருந்த நம்பரை, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கண்டக்டரையே போட்டுக் கொடுக்கச் செய்தார்.

“வாராவாரம் லேட் சார். ஒண்ணு வண்டியை மாத்துங்க, இல்லை ஆளை மாத்துங்க.”

டிப்போ மேனேஜர் இரண்டையும் மாற்றினார்.

அடுத்த வாரம் புது பஸ், புது டிரைவர். மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏரிக்கரையில் சங்கு ஊதியதும் வழக்கம்போல நடந்தார்.

ஸ்டாப்பில் பஸ் இல்லை.

“என்னம்மா, புது வண்டியும் லேட்டா?” என்று பக்கத்துக் கடைக்காரம்மாவைக் கேட்டார்.

“லேட்டா? அது கரெக்டா கிளம்பிடுச்சுங்க. போயி கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சே.”

“அதெப்படி? நான் சரியான நேரத்துக்குத்தானே வந்திருக்கேன்?”

கடைக்காரம்மா தயங்கினார். “நீங்க எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க...”

“அப்புறம் என்ன?”

“நான் சொன்னேன்னு நினைக்காதீங்கய்யா. அந்த இருபது நிமிஷ நடை இப்பல்லாம் உங்களுக்கு அரை மணிக்கு மேல ஆகுது. அந்தப் பழைய வண்டிக்கு ஒரு நோவும் இல்லை. உங்க தலை அந்த வளைவுல தெரியற வரைக்கும் அவரு பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பாரு. உள்ள இருக்கறவங்க எல்லாம் திட்டுவாங்க, வாங்கிக்குவாரு. ‘பெரியவர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ரோஷத்துல அடுத்த வாரம் வரமாட்டாரு’ன்னு சொல்லுவாரு.”

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். வெட்கத்தில் அவருக்கு முகம் எரிந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இனி மகளைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஏரிக்கரை இன்றோடு சரி.

செல்போனை எடுத்துக் கடைக்காரம்மாவிடம் நீட்டினார். “ஒரு நம்பர் போட்டுக் கொடும்மா. எனக்குக் கண்ணு தெரியலை.” முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார்.

“பொண்ணு நம்பருங்களா?”

“அது அப்புறம். முதல்ல டிப்போ.”

மேனேஜர் உற்சாகமாக இருந்தார். “சொல்லுங்க சார்! இன்னிக்கு வண்டி டயத்துக்குக் கிளம்பியிருக்குமே? அந்த ஆளை ஏன்யா லேட்டுன்னு வறுத்தெடுத்துட்டேன். வாயே திறக்கலை. வண்டி கழுவற வேலைக்குப் போட்டுட்டேன்.”

“அவரைத் திரும்பவும் ஓட்ட விடுங்க சார். என் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்.”

“நல்லா இருக்கே கதை! வாராவாரம் லேட்டுன்னு சொன்னது நீங்கதானே?”

“ஆமா சார், லேட்டுங்கறது உண்மைதான்.” மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆனா லேட் பண்ணது அவர் இல்லை, நான்.”