இழைப்புளி எதுக்கு?

"உளி வாங்கிட்டு வான்னு சொன்னா, இழைப்புளியோட வந்து நிக்கிறியே! புத்தி இருக்கா உனக்கு?"

மசம்பா போட்ட சத்தத்தில் சாலையோரப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டெட்ஸா ஊரில் அவரைவிடக் கைத்திறமையுள்ள தச்சர் கிடையாது. அந்த நினைப்பு அவருக்கும் கொஞ்சம் உண்டு.

திட்டு வாங்கிய ஸியோனே பக்கத்துப் பட்டறைக்காரி. நாற்பது வயதுக்கு மேல் தொழிலுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அவளிடம் இருந்தது ஒரு ரம்பம், ஒரு சுத்தியல். அதை வைத்துக்கொண்டு சவப்பெட்டிதான் அடிக்க முடியும். அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு இருபது கதவு. அதுல அஞ்சு உனக்குன்னு தலைமையாசிரியர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். உளி இல்லாம சட்டத்துல துளை எப்படிப் போடுவே? பல்லாலயா?"

"இந்தத் தடவை விடுங்கண்ணே. அடுத்த தடவை காசு சேர்ந்ததும் உளி வாங்கிடறேன்."

"அதுவரைக்கும் கதவு உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? காலம் பூரா பெட்டியே அடி. இனி வேலை கேட்டு என்கிட்ட வராதே!"

நல்லதைச் சொன்னால் கேட்கவில்லையே என்று அவருக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் காலையில் கீழத்தெருவில் ஒரு குழந்தை இறந்துபோனது. பெட்டி செய்யச் சொல்லி ஸியோனேயிடம் வந்தார்கள். அவள் பைன் பலகைகளைப் புது இழைப்புளியால் பொறுமையாக இழைத்தாள். மசம்பா பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆணி அடிக்க ஆரம்பித்ததும் பொறுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டார்.

"அட பைத்தியமே! இழைச்ச பக்கத்தை உள்ளே வச்சு அடிக்கிறியே! சொரசொரப்பெல்லாம் வெளியே நிக்குது பாரு. பிரி, பிரி!"

"வெளியே எப்படியும் துணி ஒட்டிடுவாங்கண்ணே."

"அப்புறம் எதுக்கு இழைக்கிறே? உள்ளே யாரு எட்டிப் பார்க்கப் போறாங்க?"

ஸியோனே சுத்தியலைக் கீழே வைத்தாள். பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"போன வருஷம் என் பிள்ளைக்கு நீங்கதான் பெட்டி செஞ்சு குடுத்தீங்க. காசே வாங்கலை. அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா, அவனைப் படுக்க வச்சுட்டு, முதுகுக்கு அடியிலேர்ந்து கையை உருவினப்போ என் கையெல்லாம் சிராய் ஏறியிருந்துச்சுண்ணே."